மலிவுப் படங்களின் பள்ளிக்கூடம்: தேறியவர்கள் யார், தேங்கியவர்கள் யார்?

1975 ஏப்ரல் 8. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 47வது ஆஸ்கார் விருது விழா நடக்கிறது. சிறந்த இயக்குநர் விருது 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்திற்காக பிரான்சிஸ் ஃபோர்ட் கப்போலாவுக்குப் போகிறது. சிறந்த அசல் திரைக்கதை விருது 'சைனாடவுன்' எழுதிய ராபர்ட் டவுனுக்கு. சிறந்த நடிகை எல்லென் பர்ஸ்டின். அவர் நடித்த படத்தை இயக்கியவர் மார்ட்டின் ஸ்கோர்செஸி. சிறந்த பிறமொழிப் படமாக இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'அமர்கார்ட்' தேர்வு பெறுகிறது.

இந்த நான்கு விருதுகளுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருக்கிறார் என்றால் நம்ப முடிகிறதா? கப்போலா, டவுன், ஸ்கோர்செஸி மூவருமே இளவயதில் அவரிடம் வேலை பார்த்தவர்கள். ஃபெலினியின் படத்தை அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டு சேர்த்ததும் அவருடைய நிறுவனம்தான்.

அந்த நிறுவனத்தின் பெயர் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ். மனிதரின் பெயர் ரோஜர் கோர்மன். ஆனால் அதே நிறுவனம் அந்த ஆண்டுகளில் எதை விற்றுப் பிழைத்தது தெரியுமா? பெண்கள் சிறைச்சாலைப் படங்கள், தாதியர் படங்கள், கார் மோதல் படங்கள், கடல் பூதப் படங்கள்! பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கும் சரக்கு.

சேற்றில்தான் செந்தாமரை மலரும் என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அந்தச் சேற்றில் இறங்கியவர்கள் எல்லாரும் ஒன்றுபோல் கரையேறினார்களா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நான்கே நாளில் விட்ட வேலை

ரோஜர் கோர்மன் 1926 ஏப்ரல் 5ஆம் தேதி டெட்ராய்ட் நகரில் பிறந்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். படித்த படிப்புக்கேற்ற வேலையும் கிடைத்தது. திங்கட்கிழமை சேர்ந்தார். வியாழக்கிழமை விட்டுவிட்டார். அதன் பிறகு டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தில் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, வருகிற கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலைக்கு உயர்ந்தார். தன் யோசனைகள் படத்தில் சேர்ந்தும் தன் பெயர் சேரவில்லை என்ற மனக்குறையில் அங்கிருந்தும் வெளியேறினார்.

1954இல் ஏறத்தாழ 12,000 அமெரிக்க டாலரில் ஒரு கடல் பூதப் படத்தைத் தயாரித்தார். பொறியியல் படிப்பு வீண்போகவில்லை. எந்தக் காட்சியை எந்த வரிசையில் எடுத்தால் நேரம் மிச்சமாகும், ஒரே அரங்கத்தை எத்தனை படத்திற்குப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போடும் புத்தி அவருக்குக் கைவந்திருந்தது. 1960இல் வெளிவந்த 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் பெரும்பகுதியை, வேறு படத்திற்குப் போட்ட அரங்கம் கலைக்கப்படுவதற்கு முன்பாக இரண்டே நாளில் எடுத்து முடித்தார். பல் மருத்துவரிடம் வலியை ரசிக்கும் நோயாளியாக அதில் வந்துபோன இளைஞர்தான் பின்னாளில் மூன்று ஆஸ்கார் வென்ற ஜேக் நிக்கல்சன்.

இந்தச் சந்தை எங்கிருந்து வந்தது?

இத்தகைய படங்களை ஆங்கிலத்தில் எக்ஸ்பிளாய்டேஷன் படங்கள் என்பார்கள். அகராதியைப் புரட்டினால் 'சுரண்டல்' என்று பொருள் வரும். ஆனால் பழைய சினிமா வணிகத்தில் அந்தச் சொல்லுக்கு விளம்பரம் என்றுதான் பொருள். பெரிய நட்சத்திரம் இல்லாத படத்தை, மக்களைக் கிளறிவிடும் ஏதோ ஒரு விஷயத்தை வைத்து விற்பதுதான் அந்தக் கலை. நாளிதழில் ஒரு பரபரப்பு வந்தால் மூன்றாம் மாதம் அது திரையில் இருக்கும்.

இதற்கு வழி திறந்தது ஒரு தீர்ப்பு. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய ஸ்டூடியோக்கள் தங்கள் திரையரங்குகளைக் கைவிட வேண்டிய நிலையை உண்டாக்கியது. அதே சமயத்தில் தொலைக்காட்சி வீட்டுக்குள் நுழைந்தது. பெரியவர்கள் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆனால் திரையரங்குக்காரருக்கு வாராவாரம் படம் வேண்டுமே! காரில் அமர்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் திரையரங்குகள் மட்டும் 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நாலாயிரத்தைத் தொட்டன. அங்கே கூடியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

இந்தப் பசிக்குத் தீனி போட 1954இல் தொடங்கியது அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற நிறுவனம். ஜேம்ஸ் நிக்கல்சன், சாமுவேல் ஆர்காஃப் இருவரும் அதன் முதலாளிகள். அவர்கள் முதலில் தலைப்பு வைப்பார்கள். அடுத்து சுவரொட்டி வரைவார்கள். அதைக் கண்டு திரையரங்குக்காரர் தலையாட்டினால்தான் கதையே எழுதப்படும்! கோர்மன் இவர்களுக்காகப் படம் படமாக எடுத்துக் கொடுத்தார்.

இடையே ஒரே ஒருமுறை அவர் தம் மனசாட்சிக்காக ஒரு படம் எடுத்தார். 1962இல் வந்த 'தி இன்ட்ரூடர்'. கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் ஒரே பள்ளியில் படிப்பதை எதிர்த்து ஒரு தென்மாநில ஊரில் வெறியைத் தூண்டும் மனிதனின் கதை. கோர்மன் சகோதரர்கள் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். படப்பிடிப்பு நடந்த ஊர்களில் மிரட்டல் வந்தது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், மக்கள் வரவில்லை. சொல்ல நினைப்பதை மேலே வைத்தால் விலைபோகாது, உள்ளே மறைத்து வைக்க வேண்டும் என்று கோர்மன் அன்று முடிவு செய்தார். பிற்காலத்தில் அவருடைய நிறுவனத்தின் சூத்திரமே இதுதான்.

1970: சொந்தக் கடை

அவர் இயக்கிய 'காஸ்' என்ற நையாண்டிப் படத்தை அவரைக் கேட்காமலே விநியோக நிறுவனம் வெட்டியது. வெறுத்துப்போன கோர்மன், 1970இல் சகோதரர் ஜீன் கோர்மன், விநியோகத்தில் அனுபவம் பெற்ற லாரி வூல்னர் ஆகியோருடன் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸைத் தொடங்கினார். தன் படத்தை அடுத்தவர் வெட்டியதால் பிறந்த நிறுவனம் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும் ஒரு சம்பவத்திற்கு இது தேவைப்படும்.

நேரமும் கூடிவந்தது. 1968இல் பழைய தணிக்கை விதிகள் போய், வயதுக்கேற்ற தரச்சான்று முறை அமெரிக்காவில் வந்திருந்தது. நிர்வாணத்தையும் வன்முறையையும் முன்பைவிட வெளிப்படையாகக் காட்ட முடிந்தது. நியூ வேர்ல்டின் கணக்கு எளிமையானது. கொஞ்சம் அடிதடி, கொஞ்சம் கவர்ச்சி, கொஞ்சம் சிரிப்பு, அடியில் ஒரு சமூகக் கருத்து. முதல் மூன்றும் இருந்தால் நான்காவதில் இயக்குநர் இஷ்டம்போல் விளையாடலாம்.

அப்படி விளையாடியவர்களில் முதல்வர் ஒரு பெண். ஸ்டெஃபனி ரோத்மன். திரைப்படம் படிக்கும்போதே அமெரிக்க இயக்குநர் சங்கத்தின் உதவிப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். 1970இல் அவர் இயக்கிய 'தி ஸ்டூடன்ட் நர்ஸஸ்' நான்கு தாதியர் மாணவிகளின் கதை. சுவரொட்டியைப் பார்த்து வந்தவர்களுக்குச் சுவரொட்டி சொன்னதும் கிடைத்தது. கூடவே கருக்கலைப்பு பற்றிய ஒரு கதையும், மெக்சிகோ வம்சாவளியினரின் உரிமைப் போராட்டமும் கிடைத்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அனுமதித்தது 1973இல்தான். பெரிய ஸ்டூடியோக்கள் தொடத் தயங்கிய பொருளை, மூன்றாண்டுகளுக்கு முன்பே, திறந்தவெளித் திரையரங்கில் காரில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள்.

படம் வசூலைக் குவித்தது. புதிய நிறுவனத்தைக் காலூன்ற வைத்ததில் அந்தப் படத்திற்குப் பெரும் பங்குண்டு.

பிலிப்பைன்ஸ் காடுகளில் கட்டிய சிறை

அடுத்த வெற்றி அமெரிக்காவில் எடுக்கப்படவில்லை. 1971இல் ஜேக் ஹில் இயக்கிய 'தி பிக் டால் ஹவுஸ்' நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸில் படமாக்கப்பட்டது. காரணம் காசுதான். அங்கே செலவு குறைவு, தொழில் தெரிந்த கலைஞர்களுக்கும் பஞ்சமில்லை. சிறையில் அடைபட்ட பெண்கள், கொடுமைப்படுத்தும் காவலர்கள், இறுதியில் ஒரு கலகம். வசூல் கொட்டியது. இதேபோன்ற படங்கள் வரிசைகட்டி வந்தன. அமெரிக்கன் இன்டர்நேஷனல் அலுவலகத்தில் வரவேற்பாளராக இருந்த பேம் கிரியர் என்ற கறுப்பினப் பெண் இந்தப் படத்தின் மூலம் முகம் காட்டினார். இரண்டே ஆண்டில் 'காஃபி' படத்தின் நாயகியாக உயர்ந்தார்.

இதில் ஒரு முரண் உண்டு. 1972 செப்டம்பரில் அதிபர் மார்க்கோஸ் பிலிப்பைன்ஸில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். உண்மையான சிறைகள் நிரம்பிக்கொண்டிருந்த நாட்டில், அமெரிக்க நிறுவனங்கள் பொய்ச் சிறைகளைக் கட்டி, அதில் சர்வாதிகாரிக்கு எதிரான கலகங்களைப் படமாக்கின. அந்தக் கூட்டுத் தயாரிப்புகளில் பங்கெடுத்த எடி ரொமேரோ பிற்பாடு தம் மக்களின் வரலாற்றைச் சொல்லும் படங்களை எடுத்தார். 2003இல் பிலிப்பைன்ஸின் தேசியக் கலைஞர் விருதைப் பெற்றார். அந்தக் காடுகளில் வியர்வை சிந்திய மற்ற உள்ளூர்த் தொழிலாளர்களின் பெயர்களை எந்த விழாவிலும் யாரும் வாசிக்கவில்லை.

சம்பளம் குறைவு, பாடம் அதிகம்

நியூ வேர்ல்டில் சம்பளம் சொற்பம். தொழிற்சங்க விதிகளுக்கு வெளியே நெடுநேர வேலை. ஆனால் பெரிய ஸ்டூடியோவில் பத்து வருடம் காத்திருந்தாலும் கிடைக்காத ஒன்று அங்கே பத்தே மாதத்தில் கிடைத்தது. இருபத்து நான்கு வயதுக்காரனை நம்பி ஒரு முழுப் படத்தைக் கையில் கொடுப்பார் கோர்மன்.

ஜோ டான்டேயும் ஆலன் ஆர்குஷும் அங்கே முன்னோட்டக் காட்சிகளை வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தார்கள். படம் மந்தமாக இருந்தால் ஒரு ஹெலிகாப்டர் வெடிக்கும் காட்சியை முன்னோட்டத்தில் செருகுவார்கள். அந்தக் காட்சி படத்திலேயே இருக்காது! 1976இல் மற்ற படங்களின் துண்டுகளையும் சேர்த்து, பத்தே நாளில், ஏறத்தாழ 60,000 டாலரில் 'ஹாலிவுட் பூலவார்ட்' என்ற படத்தை இருவரும் எடுத்து முடித்தார்கள். மலிவுப்படக் கம்பெனியையே கேலி செய்யும் படம் அது. முதலாளி அதையும் விற்றுக் காசாக்கினார்.

ரான் ஹோவர்ட் ஒரு கார் படத்தில் நடிக்கச் சம்மதித்தார். அடுத்த படத்தை இயக்கத் தரவேண்டும் என்பது நிபந்தனை. 1977இல் 23 வயதில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' படத்தை இயக்கினார். ஜொனத்தன் டெம்மி 1974இல் ஒரு பெண்கள் சிறைப் படத்துடன் இயக்குநரானார். ஜேம்ஸ் கேமரூன் 1980இல் வந்த 'பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்' படத்திற்கு விண்கல மாதிரிகள் செய்யச் சேர்ந்து, கலை இயக்குநராக உயர்ந்தார். மரக்கிடங்காக இருந்த கட்டடம்தான் அவர்களின் ஸ்டூடியோ. அதே படத்திற்கு இசையமைத்த இளைஞர் ஜேம்ஸ் ஹார்னர். 17 ஆண்டுகள் கழித்து 'டைட்டானிக்' படத்தில் கேமரூனும் ஹார்னரும் மறுபடி இணைந்தார்கள். டெம்மி, ஹோவர்ட், கேமரூன் மூவருமே பின்னர் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் வென்றவர்கள்.

இந்தக் காசில்தான் கோர்மன் உலகச் சினிமாவையும் இறக்குமதி செய்தார். சுவீடனின் பெர்க்மன் எடுத்த 'கிரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்' படத்தைத் திறந்தவெளித் திரையரங்குகளிலும் ஓட்டினார். ஃபெலினி, ஜப்பானின் குரோசாவா, பிரான்சின் ட்ரூஃபோ என்று பட்டியல் நீண்டது. சிறைப் படம் கொண்டுவந்த பணம் கலைப் படத்திற்குக் கதவு திறந்தது.

கதவு திறந்தது, படி எங்கே?

ரோத்மனுக்கு என்ன ஆனது? நியூ வேர்ல்டிலிருந்து விலகி, கணவருடன் வேறொரு சிறு நிறுவனத்தில் சில படங்களை இயக்கினார். 1974இல் வந்த 'தி வொர்க்கிங் கேர்ள்ஸ்' அவருடைய கடைசிப் படமாகிவிட்டது. மலிவுப் படம் எடுத்தவர் என்ற முத்திரை டெம்மிக்கும் டான்டேக்கும் அனுபவச் சான்றிதழாக இருந்தது. ரோத்மனுக்கு அதுவே கறையாகிவிட்டது. பெரிய ஸ்டூடியோ ஒன்றுகூட அவருக்குப் படம் கொடுக்கவில்லை. பெண்ணியத் திரை ஆய்வாளர்கள் 1970களிலேயே அவர் படங்களைப் பற்றி எழுதத் தொடங்கியும் பயனில்லை.

அடுத்தவர் பார்பரா பீட்டர்ஸ். நியூ வேர்ல்டுக்காக ஆசிரியைகள் பற்றிய படம் ஒன்றை இயக்கியவர். 1980இல் 'ஹியூமனாய்ட்ஸ் ஃப்ரம் தி டீப்' என்ற கடல் பூதப் படத்தை அவரிடம் கொடுத்தார்கள். அவர் எடுத்து முடித்த பிறகு, பூதங்கள் பெண்களை வன்கொடுமை செய்யும் காட்சிகள் வேறொருவரைக் கொண்டு எடுக்கப்பட்டு, அவருக்குத் தெரியாமலே படத்தில் சேர்க்கப்பட்டன. பீட்டர்ஸ் எதிர்த்தார். கதாநாயகி ஆன் டர்கலும் வெளிப்படையாக எதிர்த்தார். தம் பெயரை நீக்கும்படி பீட்டர்ஸ் கேட்டார். பெயர் நீக்கப்படவில்லை. என்ன தேவை என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததாகக் கோர்மன் தரப்பு விளக்கம் தந்தது. தன்னைக் கேட்காமல் படத்தை வெட்டினார்கள் என்று கோபித்து 1970இல் தனிக்கடை போட்டவர் இதே கோர்மன்தான்!

அதன் பிறகு பீட்டர்ஸ் தொலைக்காட்சித் தொடர்களின் பக்கம் போய்விட்டார்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நியூ வேர்ல்டின் நிர்வாகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்த பார்பரா பாயில் ஒரு பெண். கதை இலாகாவைக் கவனித்த பிரான்சஸ் டோயல் ஒரு பெண். மனைவி ஜூலி கோர்மன் தாமே படங்களைத் தயாரித்தார். கோர்மனின் உதவியாளராகத் தொடங்கிய கேல் ஆன் ஹர்ட் 1984இல் கேமரூனின் 'தி டெர்மினேட்டர்' படத்தைத் தயாரித்து, பெரிய தயாரிப்பாளர்களின் வரிசைக்குப் போனார். எமி ஹோல்டன் ஜோன்ஸ், ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' படத்தைத் தொகுக்க வந்த வாய்ப்பை விட்டுவிட்டு, கோர்மனிடம் 'தி ஸ்லம்பர் பார்ட்டி மாஸக்கர்' என்ற கொலைப் படத்தை இயக்கச் சம்மதித்தார். காரணம், ஒரு பெண்ணுக்கு இயக்குநர் நாற்காலியைத் தருகிற இடம் ஹாலிவுட்டில் அன்று அரிது. 1982இல் வெளியான அந்தப் படத்தின் கதையை எழுதியவர் ரீட்டா மே பிரவுன் என்ற பெண்ணிய எழுத்தாளர்.

ஆக, கதவைத் திறந்தது கோர்மன்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் கதவுக்கு அப்பால் மேலே போகும் படிக்கட்டு பெரிய ஸ்டூடியோக்களின் கையில் இருந்தது. அதில் ஏற்றிவிட்டது பெரும்பாலும் ஆண்களைத்தான். தயாரிப்பாளராகப் பெண்கள் ஏறினார்கள். இயக்குநராக ஏறியவர்கள் அரிது.

சுறா விழுங்கிய சிறு மீன்

1975இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' வந்தது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்'. கோர்மனுக்கு உடனே புரிந்துவிட்டது. கடல் பூதமும் விண்கலச் சண்டையும் அவர் காலங்காலமாக விற்ற சரக்கு. அதையே பெரியவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துப் பளபளப்பாக எடுத்துவிட்டார்கள். இனி மலிவுக் கடைக்கு யார் வருவார்கள்? ஜோ டான்டேயின் 'பிரான்யா' போன்ற படங்களால் 1978இல் சமாளித்தார்கள். ஏறத்தாழ 20 லட்சம் டாலரில் 'பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்' எடுத்து, அதன் விண்கலக் காட்சிகளைப் பிற படங்களிலும் மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். இதற்கிடையே திறந்தவெளித் திரையரங்குகளும் மூடப்பட்டு வந்தன. வீடியோ நாடா வீடுகளுக்குள் புகுந்தது.

1983இல் கோர்மன் நிறுவனத்தை 1 கோடியே 65 லட்சம் டாலருக்கு விற்றார். பழைய படங்களின் உரிமையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார். பொறியியல் மூளை கடைசிவரை மாறவில்லை! வேறு பெயர்களில் தொடர்ந்து படம் தயாரித்தார். 2009இல் கௌரவ ஆஸ்கார் பெற்றார். 2024 மே 9ஆம் தேதி 98 வயதில் காலமானார். அஞ்சலி எழுதியவர்கள் தேறிய மாணவர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கினார்கள். கப்போலா, ஸ்கோர்செஸி, கேமரூன், ஹோவர்ட், டெம்மி. அந்த வரிசையில் ரோத்மனின் பெயரையும் பீட்டர்ஸின் பெயரையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பட்டியலைத் திருப்பிப் பாருங்கள்

நம் வட்டாரத்திலும் கையில் இருப்பதை வைத்துக் குறும்படமும் தொலைக்காட்சிப் படமும் எடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். குறைந்த செலவு குறையல்ல என்பது நியூ வேர்ல்ட் அவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். காசில்லாத இடத்தில்தான் துணிச்சலுக்கு இடம் கிடைத்தது. ஸ்டூடியோக்கள் தொடாத கருத்தைத் தாதியர் படம் தொட்டது அதனால்தான்.

இரண்டாவது பாடத்தை யாரும் சொல்வதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தை அதில் தேறியவர்களை மட்டும் வைத்து எடைபோடக்கூடாது. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே அளவு உழைத்து, ஒருவர் ஆஸ்கார் மேடைக்கும் இன்னொருவர் வீட்டுக்கும் போனால், அங்கே திறமை மட்டும் வேலை செய்யவில்லை என்று பொருள். குறைந்த சம்பளத்திற்கு உழைத்த எல்லாரும், இன்று கஷ்டப்பட்டால் நாளை உயரலாம் என்ற நம்பிக்கையில்தான் உழைத்தார்கள். அந்த நம்பிக்கை சிலருக்குப் பலித்தது. பலிக்காதவர்களுக்கு அந்தப் பழைய அகராதிச் சொல்லின் நேர்ப்பொருள்தான் மிஞ்சியது.

நல்லவேளை, படங்கள் அழியவில்லை. 'தி ஸ்டூடன்ட் நர்ஸஸ்' கிடைத்தால் பாருங்கள். சுவரொட்டியை மறந்துவிட்டுப் பாருங்கள். இயக்கியவர் ஸ்டெஃபனி ரோத்மன் என்று பெயர் வரும். ஒரு நொடி நின்று அதைப் படியுங்கள்.